வேலை ஓர் ஊர், ஓட்டு ஓர் ஊர்

1

'ஆதரவு' என்கிற சொல் நம் தேர்தல் மொழியில் எத்தனை வேலைகளைச் செய்கிறது பாருங்கள். வேட்பாளர் கைகூப்பியபடி தெருவில் வந்து ஆதரவு கேட்கிறார். சாதிச் சங்கமும் வணிகர் சங்கமும் கட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சால்வை போர்த்தி ஆதரவு தெரிவிக்கின்றன. போராட்டப் பந்தலுக்கு வரும் தலைவர் மைக் பிடித்து ஆதரவு அளித்துவிட்டுக் கார் ஏறுகிறார். முதலாவது வாக்கு, இரண்டாவது பேரம், மூன்றாவது வெறும் வருகை. மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பது தற்செயலானதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கினார்கள் என்பது மங்கலாக இருக்கும்வரைதான் இந்தச் சொல்லாடல் செல்லுபடியாகும்.

நான் இங்கே பேச எடுத்துக்கொள்வது நான்காவதாக ஒன்றை. கட்சியாக இல்லாத ஒரு மக்கள் இயக்கம், அது நிலம் காக்கப் போராடும் கிராமமாக இருக்கலாம், ஆலைவாயில் சங்கமாக இருக்கலாம், தன் விழுமியங்களோடு ஒத்துப்போகிற வேட்பாளரைத் தேர்ந்து 'நம் ஆட்கள் இவருக்குப் போடுங்கள்' என்று பகிரங்கமாகச் சொல்வது. கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. 1906இல் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் இதைத்தான் கொள்கையாக வைத்தார். தொழிலாளருக்கென்று தனிக்கட்சி வேண்டாம். வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவோம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நண்பனுக்கு ஓட்டு, எதிரிக்குத் தோல்வி. புரட்சிகரமான கொள்கை ஒன்றுமில்லை. ஆனால் அது இயங்கியது.

நம்மூரில் ஏன் இது வேர்பிடிக்கவில்லை என்று கேட்டால் உடனே பதில் வருகிறது: ஓட்டுக்குப் பணம், சாதி, சினிமா. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இம்மூன்றும் குறையை வாக்காளரிடம் வைப்பவை. அதற்கு முந்திய ஒரு விஷயம் இருக்கிறது. வாக்காளர் பட்டியல். யார் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறார் என்பது வெறும் நிர்வாக விவகாரமாகத் தெரிகிறது, இல்லையா? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில் பல வருஷங்களாகச் சுற்றித் திரிகிறவன் என்ற முறையில், அந்தப் பட்டியல்தான் அங்குள்ள அரசியலின் முதல் பிரதி என்று சொல்வேன்.

2

ஆதரவு செல்லுபடியாக வேண்டுமானால் கொடுப்பவர்கள் ஒரே இடத்தில் எண்ணப்பட வேண்டும். சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவை எடுத்துக்கொள்ளுங்கள். பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது தரும் சுரங்க ஊர். 1977இல் அங்கே ஒப்பந்தச் சுரங்கத் தொழிலாளர்களைச் சங்கமாக்கியவர் சங்கர் குஹா நியோகி. சங்கம் ஆஸ்பத்திரி கட்டியது, சாராயத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தது, பிறகு சத்தீஸ்கர் முக்தி மோர்ச்சாவாக விரிந்தது. 1985 மத்தியப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில் அதன் வேட்பாளர் ஜனக்லால் தாகூர் டோண்டி லோஹாராவில் ஜெயித்தார். சுரங்கத்தில் தாது வெட்டியவரும் சுற்றுக் கிராமத்தில் உழுத ஆதிவாசியும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தார். சங்க உறுப்பினர் சீட்டும் ஓட்டும் ஒரே முகவரியில் இருந்தன. நியோகி பிலாயின் தனியார் ஆலைகளுக்குள் ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திரட்டப் போனபோது கதை வேறாயிற்று. 1991 செப்டம்பர் 28 அதிகாலை தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி ஸ்ரீபெரும்புதூர். உலகத்துக்கு இந்த ஊரின் பெயர் தெரியவந்ததே ஒரு வேட்பாளருக்கு ஆதரவு கேட்க நடந்த கூட்டத்தால்தான் (ராமானுஜர் பிறந்த ஊர் என்று முன்பே தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்). 1991 மே 21 இரவு, மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க வந்த ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார். ஐந்து வருஷம் கழித்து 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல். 1998இல் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா, 2007இல் சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அப்புறம் டெய்ம்லர், அப்பல்லோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் சிப்காட் பலகைகள் முளைத்தன.

உள்ளே வேலை செய்பவர்கள் யார்? உள்ளூர்க்காரர்கள் சிலர் உண்டு: காவல், தோட்டம், கேன்டீன், வேன் ஓட்டுவது. லைனில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், இன்னும் தெற்கே உள்ள மாவட்டங்களிலிருந்து வந்த ஐ.டி.ஐ., டிப்ளமா இளைஞர்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள். அதற்குப் பிறகு ஒடிசா, பிகார், அசாம். நிரந்தரம், டிரெயினி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட் என்று ஒரே லைனில் நான்கு சாதி. இந்தத் தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "ஓட்டு ஊர்ல இருக்குதுண்ணா" என்ற பதிலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. "அப்போ இங்க?" என்றால் ஒரு சிரிப்பு.

சட்டம் தடுக்கவில்லை. 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தொகுதியில் 'வழக்கமாக வசிப்பவர்' அங்கே வாக்காளராகலாம் என்கிறது. சொந்த வீடு வேண்டும் என்று சொல்லவில்லை. வெறுமே வீடு வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்றுகூட 20ஆம் பிரிவு சொல்கிறது. மாத்தூரில் மூன்று வருஷம் ஐந்து பேரோடு ஓர் அறையில் கிடக்கும் பையன் தாராளமாக இங்கே பதிவு செய்யலாம். செய்வதில்லை. வாடகைச் சீட்டு எழுதித்தர வீட்டுக்காரர் தயங்குகிறார். காண்ட்ராக்ட் எப்போது முடியும் என்று தெரியாது. ரேஷன் அட்டையும் அப்பா அம்மாவும் ஊரில். அதைவிட, ஓட்டுப் போட ஊருக்குப் போவது என்பது பொங்கலுக்குப் போவது மாதிரி. ஊரில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. இதை 'விழிப்புணர்வின்மை' என்று சொல்லும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் விளைவு என்ன? 2014 ஏப்ரல் 24 தமிழகத்தில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள், ஏப்ரல் 25, நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் விட்டுவிட்டு. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பேர், அதில் பெண்கள் பெரும்பங்கு, வேலை இழந்தார்கள். தங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய பிரச்சினை நடந்துகொண்டிருந்த தொகுதியில், அந்தப் பிரச்சினைக்காக ஓட்டுப் போட முடியாதவர்களாகவே அவர்களில் மிகப் பலர் அந்த ஏப்ரலைக் கடந்தார்கள். ஓட்டுப் போடாமல் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. போட்டார்கள், வேறு ஊர்களில். அங்கே நோக்கியா ஒரு பேச்சாகவே இருந்திருக்காது.

இங்கே ஒரு சட்ட வேடிக்கை உண்டு. தமிழகத்தில் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் ஒருவர் எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் வேட்பாளராக நிற்கலாம் (தனித்தொகுதி என்றால் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும், ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி). ஆனால் அவர் பெயரை முன்மொழிபவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருந்தாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர். ஆக, திருவண்ணாமலை ஓட்டு வைத்திருக்கும் ஒரகடம் தொழிலாளி இங்கே வேட்பாளர் ஆகலாம். தன் சகத் தொழிலாளியை முன்மொழிய முடியாது.

மக்களவைத் தொகுதியோ இன்னொரு கடல். மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஐந்தும் சென்னையின் புறநகர்கள், ஆறாவதுதான் ஸ்ரீபெரும்புதூர். 2024இல் சுமார் 23.8 லட்சம் வாக்காளர்கள், தமிழகத்திலேயே பெரிய தொகுதி. தொகுதியின் பெயரை மட்டும் தொழிற்பேட்டை ஊர் கொடுத்திருக்கிறது.

3

வல்லம் வடகாலுக்குப் போனால் இந்தப் பிரச்சினையை ஒரே கட்டடத்தில் பார்க்கலாம். ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. 18,720 படுக்கைகள். 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இதற்கு முன்கதை உண்டு. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி பலர் ஆஸ்பத்திரியில் சேர, அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது. ஐபோன் ஆலை சில வாரங்கள் நின்றது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் காங்கிரசின் கு. செல்வப்பெருந்தகை ஜெயித்த வித்தியாசம் 11 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. விடுதிப் படுக்கைகள் 18,720. ஒரு கட்டடத்துக்குள் தூங்குகிறவர்கள் ஒரு தொகுதியின் முடிவை மாற்றப் போதுமானவர்கள். ஆனால் அந்தப் படுக்கை முகவரி ஆவதில்லை. விடுதி அறையின் சாவியைக் கம்பெனியின் வேலைச்சீட்டுதான் திறக்கிறது. வேலை போனால் முகவரியும் போகும். வேட்பாளரும் உள்ளே வர முடியாது, இயக்கமும் வர முடியாது. ஃபூக்கோவைப் படித்துவிட்டுச் சிறை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று எழுதித் தள்ளிய நாம், இந்த விடுதிகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

2025 இறுதியில் நடந்த தீவிரத் திருத்தம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. டிசம்பர் 19 வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி 'இடம் பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்'. ஊரில் போய்க் கதவைத் தட்டினால் பையன் ஒரகடத்தில் நைட் ஷிப்டில் இருக்கிறான். ஒரகடத்தில் கேட்டால் அவன் ஊர்க்காரன்.

4

சரி, பட்டியலில் எல்லோரும் ஒன்றாக இருக்கிற இடத்தில் என்ன நடக்கிறது? அதற்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் சாட்சி உண்டு.

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவிப்பு வந்தது. 13 கிராமங்கள், 5,700 ஏக்கருக்கு மேல், அதில் ஏரிகளும் நீர்வழிகளும் அடக்கம். ஏகனாபுரம் கிட்டத்தட்ட முழுவதும் போகிறது. அன்றிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் இரவுதோறும் கூடிப் போராடத் தொடங்கினார்கள். போராட்டம் ஆயிரம் நாட்களைத் தாண்டியது. கிராமசபை கூடும் நாளிலெல்லாம், 2022 ஆகஸ்ட் 15 தொடங்கி, விமான நிலையம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். திரும்பத் திரும்ப, ஒரே தீர்மானம்.

ஆதரவுக்குப் பஞ்சமில்லை. எதிர்க்கட்சிகள் பலவும் வந்தன. 2025 ஜனவரி 20 விஜய் தன் தமிழக வெற்றிக் கழகத்தின் சார்பில் பொடவூரில் அவர்களைச் சந்தித்தார். ஆனால் 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் ஏகனாபுரத்தார் யாருக்கும் ஆதரவு தரவில்லை. தேர்தலையே புறக்கணித்தார்கள். வாக்குச்சாவடி வெறிச்சோடிக் கிடந்தது.

புறக்கணிப்பு என்பது ஆதரவின் தலைகீழ் வடிவம். 'இவர் எங்களில் ஒருவர்' என்று சொல்ல ஆளில்லாதபோது 'நீங்கள் எவரும் எங்களில் ஒருவர் இல்லை' என்கிறது. 1999 வரை விடுதலைச் சிறுத்தைகள் பத்தாண்டு காலம் இதையே அரசியலாகக் கைக்கொண்டிருந்தார்கள். 2013க்குப் பிறகு 'நோட்டா' என்று ஒரு பொத்தானையும் அரசு கொடுத்திருக்கிறது. ஏகனாபுரத்துக்காரர்கள் அந்தப் பொத்தானுக்குக்கூடப் போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நோட்டா எண்ணப்படும். வராத வாக்கு எண்ணப்படாது. ஆனால் காலிச்சாவடி புகைப்படமாகும்.

'அடித்தள மக்கள் பேச முடியுமா' என்று கேட்ட காயத்ரி ஸ்பிவாக், 1988இல் வெளியான அக்கட்டுரையில், மார்க்ஸின் ஜெர்மன் மூலத்தில் இரண்டு வேறு சொற்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டுவார். ஒன்று ஒருவருக்குப் பதிலாக நிற்பது, வக்கீல்போல. இன்னொன்று ஒருவரைச் சித்திரித்துக் காட்டுவது, ஓவியம்போல. நாம் இரண்டையும் 'பிரதிநிதித்துவம்' என்றே எழுதிவருகிறோம். பந்தலுக்கு வரும் தலைவர்கள் ஏகனாபுரத்தைச் சித்திரித்தார்கள்: கலப்பை, ஏரி, கிழவியின் கண்ணீர். பதிலாக நிற்பதற்குத் தேவையானது வேறு. நிற்காவிட்டால் திரும்பப் பெறும் அதிகாரம். அந்த அதிகாரம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் இல்லை. பல லட்சம் பேர் உள்ள தொகுதியில் ஏகனாபுரத்தின் ஓட்டு யாரையும் தோற்கடிக்காது. பட்டியல் ஒன்றாக இருந்தும் எண்ணிக்கை போதவில்லை. 2025 ஜூலையில் அந்த வட்டாரத்தில் நிலத்தை எழுதிக்கொடுக்கும் முதல் பத்திரப் பதிவுகளும் நடந்துவிட்டன.

5

சங்கத்தின் பக்கம் வருவோம். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். முதல் கோரிக்கை கூலி உயர்வுகூட இல்லை, சி.ஐ.டி.யு. சார்ந்த தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான். சி.ஐ.டி.யு. மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கம். மார்க்சிஸ்ட் கட்சி 2019, 2021, 2024 மூன்று தேர்தல்களிலும் தி.மு.க. கூட்டணி. அதாவது எந்த அரசாங்கம் சங்கத்தைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்ததோ, எந்த அரசாங்கத்தின் போலீஸ் அக்டோபரில் இரவோடிரவாகக் கைது செய்து பந்தலைப் பிரித்ததோ, அந்த அரசாங்கத்துக்கு இவர்கள் சார்பில் ஆதரவு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர்கள் இவர்கள் அல்லர். தொகுதிப் பங்கீட்டு மேஜையில் உட்கார்ந்தவர்கள்.

இதை வைத்து 'துரோகம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம். நான் அப்படி முடிக்க மாட்டேன். 2023 ஏப்ரல் 21 தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியபோது, வெளிநடப்புச் செய்தவர்களில் கூட்டணிக் கட்சிகளே முன்னால் இருந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கும் எவரும் ஓட்டுப் போட்டு இதைச் சாதிக்கவில்லை. கூட்டணிக்குள் இருந்ததால்தான் முடிந்தது. கூட்டணி ஆதரவு ஒரு மாநிலச் சட்டத்தைத் தடுக்கும் வலிமை கொண்டது. ஒரே ஓர் ஆலை வாயிலில் அது கையாலாகாமல் நிற்கிறது. இரண்டும் உண்மை. கடைசியில் சாம்சங் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரி 27 அன்று. அங்கே வேலை செய்தது நின்றுபோன லைனும் வழக்கும்.

சங்கங்கள் தேர்தலில் நேரடியாக ஆதரவு தெரிவிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசியல் காரியங்களுக்கென்று தனிநிதி வைத்துக்கொள்ள அனுமதித்தது. வேட்பாளர் செலவு, கூட்டம், துண்டறிக்கை எல்லாம் அதில் அடங்கும். கட்டாயமாக வசூலிக்கக் கூடாது. தராதவரை ஒதுக்கவும் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இந்தத் தனிநிதி ஏற்பாடு தொடர்கிறது. எத்தனை சங்கங்களில் உறுப்பினர்கள் கூடி 'இந்த நிதியை யாருக்குத் தரலாம்' என்று விவாதித்து வாக்கெடுத்திருக்கிறார்கள்? நான் கேள்விப்பட்டதில்லை. மத்தியக் கமிட்டி முடிவு செய்யும். கீழே வேலை செய்வார்கள்.

சங்கமாகப் பதிவாகாத இயக்கங்களுக்கு நிலைமை இன்னும் விசித்திரம். வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காகக் கூட்டம் போட்டாலோ, போஸ்டர் அடித்தாலோ அது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171எச். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 176. அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. பணக்காரன் மறைமுகமாக வேட்பாளரை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம், சரியான நோக்கம்தான். ஆனால் அனுமதி வாங்கிய கணத்தில் இயக்கம் வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறது. 'இவருக்குப் போடாதே' என்பதை இந்தப் பிரிவின் வாசகம் நேரடியாகத் தொடவில்லை. 2021 மேற்கு வங்கத்தில் விவசாயிகளின் சம்யுக்த கிசான் மோர்ச்சா யாருக்குப் போடு என்று சொல்லாமல், பா.ஜ.க.வுக்குப் போடாதே என்று மட்டும் ஊர் ஊராகச் சொல்லிப்போனதற்குச் சட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தங்களுக்குள் வேறு வேறு கட்சிக்காரர்கள் இருந்ததே முதன்மைக் காரணம். ஆயினும் நம் இயக்கங்களுக்கு எதிர்மறை ஆதரவுதான் இயல்பாக வருகிறது.

6

இயக்கமே வேட்பாளராக நின்றால்? கூடங்குளம் அந்தப் பரிசோதனையைச் செய்துபார்த்தது. 2011 செப்டம்பரில் மக்களின் அச்சம் தீரும்வரை அணுஉலை வேலையை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்ட ஜெயலலிதா அமைச்சரவை, 2012 மார்ச் 19 அன்று அனுமதி கொடுத்தது. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள். ஓட்டு எண்ணப்படும்வரைகூடக் காத்திருக்கவில்லை. 2014இல் சுப. உதயகுமார் கன்னியாகுமரியிலும் புஷ்பராயன் தூத்துக்குடியிலும் ஆம் ஆத்மி சின்னத்தில் நின்றார்கள். வைப்புத்தொகை போயிற்று. அணுசக்தி பற்றி அந்தக் கட்சி தெளிவான நிலைப்பாடு எடுக்கவில்லை என்று அதே வருஷம் உதயகுமார் வெளியேறினார். பஞ்சாபில் டில்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்து மூன்று சட்டங்களை விரட்டிய விவசாய சங்கங்களில் 22 சேர்ந்து 2022இல் தேர்தலில் நின்றபோதும் இதே கதி.

1984இல் ரஜ்னி கோத்தாரி 'கட்சி சாராத அரசியல்' என்று இவ்வியக்கங்களை வரவேற்றார். அதே வருஷம் பிரகாஷ் காரத் இத்தகைய குழுக்கள் ஏகாதிபத்திய உத்தியின் அங்கம் என்று எழுதினார். நம் சிறுபத்திரிகைகளிலும் இந்தச் சண்டை நடந்தது. நானும் பக்கம் பக்கமாகப் படித்தேன். இரு தரப்பாரும் கவனிக்காமல் விட்டது, அரசு இயக்கங்களை எவ்வளவு கவனமாகப் படிக்கிறது என்பதை. 1996இல் மொடக்குறிச்சியில் தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுச் செய்ய, 1,033 வேட்பாளர்கள் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று, தேர்தலைத் தள்ளிவைக்க நேர்ந்தது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். அதே வருஷம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: சட்டமன்ற வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று, கட்சி சாராதவருக்குப் பத்து முன்மொழிபவர்கள் என்ற விதி வந்தது. பின்னால் அதுவும் 10,000. மொடக்குறிச்சி விவசாயிகள் கேட்டது கிடைத்ததோ இல்லையோ, ஒரகடத்துத் தொழிலாளி தன் நண்பனை முன்மொழிய முடியாமல் நிற்பதில் அந்தத் திருத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

7

'பகிர்ந்துகொள்ளும் விழுமியங்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரகடத்து லைனில் நிற்பவனும் ஏகனாபுரத்து விவசாயியும் எதைப் பகிர்ந்துகொள்கிறார்கள்? சிப்காட் வந்தால் ஒருவனுக்கு வேலை, மற்றவனுக்கு நிலம் போகிறது. வல்லம் விடுதிப் பெண்கள் எல்லோரும் படிவம் 8 எழுதிக்கொடுத்தால் உள்ளூர்ப் பஞ்சாயத்தின் வாக்காளர்களைவிட அவர்கள் அதிகமாகிவிடுவார்கள். அதை ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? ஆலைவாயில் கூட்டத்தில் கோரிக்கைப் பட்டியலோடு படிவம் 8ஐயும் கொடுத்தால் என்ன என்று சங்கத் தோழர் ஒருவரிடம் கேட்டேன். "குடுக்கலாம் தோழர். நாளைக்கு உள்ளூர்க்காரன் வந்து, எங்க பஞ்சாயத்தப் புடிக்க வந்தீங்களான்னு கேப்பான். அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். நியாயமான பயம்.

கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இயக்கம் தன் ஆளைத் தானே நிறுத்தி, தானே கண்காணிக்கச் சட்டம் இடம்விட்டிருக்கும் ஒரே தேர்தல் அதுதான். ஏகனாபுரத்தின் தீர்மானங்கள் கிராமசபையிலிருந்து வந்தது சும்மா இல்லை. ஆனால் பஞ்சாயத்துக்குப் போனிக்ஸ் மாலையும் தெருவிளக்கும் தவிர என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். நிலம் எடுப்பதை நிறுத்தும் அதிகாரம் நிச்சயமாக இல்லை.

இரு தரப்பும் முற்றிலும் வேறு வேறு ஆட்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம் மேல்மா. அங்கே சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023 ஜூலையில் விவசாயிகள் போராட உட்கார்ந்தார்கள். நவம்பரில் கைது, ஏழு பேர் மீது குண்டர் சட்டம். எதிர்ப்பு வலுத்ததும் ஆறு பேர் மீதானதைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். அப்படி ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அவன் சங்கம் கேட்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி. அங்கே நிலம் போகக்கூடிய வீட்டுப் பிள்ளை. பிரச்சினை இரண்டு, ஓட்டு ஒன்று. ஒரகடத்தில் பதிவு செய்தால் மேல்மாவில் ஓர் ஓட்டுக் குறையும். ஊரிலேயே வைத்துக்கொண்டால் இங்கே அவன் யாருக்கும் ஒரு கணக்கே இல்லை. இரண்டு பக்கத்து இயக்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து, உன் ஓட்டை எந்த ஊரில் வைக்கட்டும் என்று அவனோடு பேசியதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை. அவனைக் கேட்டால் சொல்வான்: ஓட்டு ஊர்ல இருக்குதுண்ணா.